தராசு சொல்லாத பசி

1945 ஜூலை மாதம். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் நல்ல கோடைக்காலம். ஊரே வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஆனால், மின்னசோட்டா பல்கலைக்கழக விளையாட்டு ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்த சோதனைக்கூடத்தில் சில இளைஞர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்!

ஜுரமா? இல்லை. பசி!

இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று கொள்கைரீதியாக மறுத்த இளைஞர்கள் அவர்கள். மொத்தம் 36 பேர். 'சண்டைக்குத்தான் வரமாட்டோம், வேறு வகையில் உதவுகிறோம்' என்று தாங்களே முன்வந்தவர்கள். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் கிடந்த நேரம். போர் முடிந்ததும் அவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் சிலரை வேண்டுமென்றே பட்டினி போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சோதனையை நடத்தியவர் ஆன்செல் கீஸ் என்கிற உடலியல் நிபுணர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே மனிதர் இந்தக் கதையில் இன்னொரு வேஷத்தில் வரப்போகிறார்.

முழுப் பட்டினிகூடக் கிடையாது. தினம் இரண்டு வேளை சாப்பாடு உண்டு. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மெக்ரோனி இப்படி. கிட்டத்தட்ட 1,600 கலோரி. இன்றைக்கு எத்தனையோ 'டயட் சார்ட்'களில் இதைவிடக் குறைவாகவே எழுதித் தருகிறார்கள்! கூடவே வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும். இப்படி 24 வாரம்.

என்ன ஆயிற்று?

நிமிடத்துக்கு 55 என்றிருந்த நாடித் துடிப்பு சராசரியாக 35-க்கு இறங்கியது. எழுந்து நின்றால் தலைசுற்றல். எப்போதும் குளிர். உடம்பாவது பரவாயில்லை, மனசு போன போக்குதான் விபரீதம். அரசியல், காதல், சினிமா எதிலும் பிடிப்பில்லை. இருபத்துநாலு மணி நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள். தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் பிசைந்து, பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார்கள். கடைசியில் தட்டையே நக்கினார்கள். எரிச்சல், சோகம், தனிமை. மறுபடி சாப்பாடு கொடுக்க ஆரம்பித்த பிறகும் இது தீரவில்லை. அந்தக் கட்டத்தில்தான் ஒருவர் கோடரியால் தன் கையில் மூன்று விரல்களை வெட்டிக்கொண்டார். 'தெரிந்து செய்தேனா, தெரியாமல் நடந்ததா... எனக்கே புரியவில்லை' என்றார் பிற்பாடு!

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் யாரும் மனநோயாளிகள் இல்லை. உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறதா என்று சலித்துச் சலித்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். சாப்பாட்டைக் குறைத்தது ஒன்றுதான் வித்தியாசம். அதாவது, உடம்புக்கு வேண்டியதைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டால் மனசும் சேர்ந்து கெடும். 1950-ல் இரண்டு தடிமனான பாகங்களாக கீஸ் குழுவினர் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான்.

இப்போது சுமார் எழுபது வருஷம் பின்னால் போவோம். லண்டன்.

சர் வில்லியம் கல் என்று ஒரு டாக்டர். வேல்ஸ் இளவரசருக்கே டைபாய்டு வைத்தியம் பார்த்தவர். சாப்பிட மறுத்து உருகிப்போகும் இளம்பெண்களைப் பற்றி 1873-ல் லண்டன் மருத்துவர்கள் சபையில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். அந்த நோய்க்கு அவர் வைத்த பெயர், 'அனோரெக்ஸியா நெர்வோசா'. அதே வருஷம் பாரிஸில் லாசேக் என்கிற டாக்டரும் இதே நோயைப் பற்றி எழுதினார். 'நரம்புத் தளர்ச்சியால் வரும் பசியின்மை' என்று அந்தப் பெயருக்கு ஏறக்குறைய அர்த்தம் சொல்லலாம். பெயரிலேயே கோளாறு! இந்த நோய் வந்தவர்களில் பலருக்குப் பசி போய்விடுவதில்லை. பசியை அடக்கி அடக்கி, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கல் தன் கட்டுரையோடு சில படங்களையும் சேர்த்திருந்தார். 'மிஸ் ஏ' என்று அவர் குறிப்பிட்ட 17 வயதுப் பெண், வைத்தியத்துக்கு வந்தபோது இருந்த எடை 82 பவுண்டு. அதாவது, சுமார் 37 கிலோ. குணமானபோது 58 கிலோ. முதல் படத்தில் கன்னம் ஒட்டி, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அடுத்த படத்தில் கொழுகொழுவென்ற முகம். பார்த்தவர்கள் மனசில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது அந்த முதல் படம். அதன்பிறகு அனோரெக்ஸியா என்றாலே எலும்புக்கூடுதான்!

நல்லவேளையாக, டாக்டர்கள் நோய்க்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது ஆரம்பத்தில் கொஞ்சம் உஷாராகவே இருந்தார்கள். 1972-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மனநல மருத்துவர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 'ஒருவர் தன்னுடைய முந்தைய எடையில் 25 சதவிகிதத்தை இழந்திருக்க வேண்டும்' என்பது அதில் ஒரு விதி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் 1980 பதிப்பில் இதே கணக்கைத்தான் சொன்னது. அதாவது, இப்போது என்ன எடை என்பதைவிட எவ்வளவு இழந்தார் என்பதுதான் கேள்வி.

25 சதவிகிதம் என்பது ரொம்பக் கறார் என்று குறை எழுந்தது. நியாயம்தான். ஏற்கெனவே ஒல்லியான பெண் அத்தனை இழக்கும்வரை காத்திருந்தால் ஆளே மிஞ்சமாட்டாள். ஆகவே 1987-ல் கையேட்டைத் திருத்தினார்கள். புது விதி: 'வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டிய எடையைவிட 15 சதவிகிதம் குறைவாக இருக்க வேண்டும்.'

சின்ன மாற்றம்போல் தெரிகிறதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தடி நாலு அங்குல உயரத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி 50 கிலோவிலிருந்து 43-க்கு வந்துவிட்டாள். இழந்தது 14 சதவிகிதம். இன்னொருத்தி 90 கிலோவிலிருந்து 63-க்கு வந்திருக்கிறாள். இழந்தது 30 சதவிகிதம்! புது விதிப்படி முதல் பெண் நோயாளி. இரண்டாமவள்? 'கரெக்ட்டான எடையில் இருக்கியேம்மா, சபாஷ்!'

ஒரு கதவைத் திறக்கப்போய் இன்னொரு கதவை மூடிவிட்டார்கள்.

இங்கேதான் நம்ம ஆன்செல் கீஸ் திரும்ப வருகிறார். பெல்ஜியத்தில் கெட்லே என்றொரு வானியல் நிபுணர் இருந்தார். புள்ளிவிவரப் பிரியர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1830-களிலேயே போட்டு வைத்திருந்தார். கீஸும் அவர் சகாக்களும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை அளந்து பார்த்துவிட்டு, 1972-ல் அந்தக் கணக்கைத் தூசு தட்டி எடுத்து ஒரு புதுப் பெயர் சூட்டினார்கள். அதுதான் பாடி மாஸ் இண்டெக்ஸ். சுருக்கமாக, பி.எம்.ஐ!

கூட்டம் கூட்டமாக ஜனங்களை ஆராய வசதியான கணக்கு அது. தனியொரு ஆள் நன்றாகச் சாப்பிடுகிறாரா, பட்டினி கிடக்கிறாரா என்பதை அது சொல்லாது. எப்படிச் சொல்லும்? உயரமும் எடையும்தானே அதற்குத் தெரியும்! ஆனால், நாளடைவில் ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் அந்தச் சார்ட் ஏறியது. பசி மனிதனை என்ன பாடுபடுத்தும் என்று உலகத்துக்குக் காட்டியவர் கீஸ். அவர் பெயர் சூட்டிய ஓர் எண்ணே, பசியால் வாடுகிறவர்களைப் பார்த்து 'நீ நார்மல்' என்று சொல்ல ஆரம்பித்தது. வரலாற்றில் இப்படியும் நடக்கும்.

பலன் என்ன? அதே மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2013-ல் இரண்டு பிள்ளைகளின் கதையை எழுதினார்கள். ஒருவன் 14 வயதுப் பையன். குண்டாக இருந்தவன், இரண்டு வருஷத்தில் சுமார் 39 கிலோ குறைந்துவிட்டான். குளிர், சோர்வு, தலைசுற்றல் என்று மின்னசோட்டா சோதனையில் பார்த்த அதே பட்டியல். உடம்பில் என்ன கோளாறு என்று டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க வெகுநாள் யாருக்கும் தோன்றவில்லை. இன்னொருத்தி 18 வயதுப் பெண். அம்மா சந்தேகப்பட்டுக் கேட்டும், எடை சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அதே 2013-ல் கையேட்டின் புதுப் பதிப்பு வந்தது. எல்லா அறிகுறியும் இருந்து, எடை மட்டும் நார்மலாக இருந்தால் அதற்கு 'வழக்கத்துக்கு மாறான அனோரெக்ஸியா' என்று ஒரு பெயர் கிடைத்தது. மறுபடி பெயரில் கோளாறு! பொதுமக்களிடையே நடந்த பல ஆய்வுகளில், 'வழக்கமான' வகையைவிட இதுதான் அதிகமாகத் தென்படுகிறது.

எடை நார்மல் என்றால் ஆபத்தும் கம்மியா? ம்ஹூம். 2016-ல் மெல்போர்ன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒல்லியான அனோரெக்ஸியா நோயாளிகளில் 33 சதவிகிதம் பேருக்கு நாடித் துடிப்பு அபாயகரமாகக் குறைந்திருந்தது. எடை நார்மலாக இருந்தவர்களில் 24 சதவிகிதம் பேருக்கும் அதே கதி! எழுந்து நின்றால் ரத்த அழுத்தமும் துடிப்பும் தாறுமாறாகிற பிரச்னை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இதயத்துக்குச் சார்ட் தெரியாது. நேற்றுவரை வந்துகொண்டிருந்தது இன்றைக்கு வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

சரி, வீட்டில் இருக்கிற நாம் எதைக் கவனிப்பது?

பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் நழுவுகிறதா? 'இப்பதான் ஃப்ரெண்ட் வீட்ல சாப்பிட்டேன்' அடிக்கடி கேட்கிறதா? அடுத்தவருக்கு ஆசை ஆசையாகச் சமைத்துவிட்டுத் தான் மட்டும் தொடாமல் இருக்கிறதா? முதலில் இனிப்பு, அப்புறம் எண்ணெய், அப்புறம் சாதம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போகிறதா? உடம்புக்கு முடியாத நாளிலும் உடற்பயிற்சியை விட மறுக்கிறதா? கை கால் சில்லிட்டுப்போவது, முடி கொட்டுவது, மாதவிலக்கு நின்றுபோவது, சாப்பாட்டுப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவது... இவற்றில் சிலது சேர்ந்து தெரிந்தாலே போதும், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 'இப்ப என்ன எடை' என்பதோடு நிற்காமல், 'எத்தனை மாசத்தில், எத்தனை கிலோ, எப்படிக் குறைந்தது' என்பதையும் சொல்லுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்துவிட்டால் ஆபத்து இல்லை என்றும் அர்த்தமில்லை. பதறிப்போய் ஒரேயடியாகச் சோற்றைத் திணிக்கவும் வேண்டாம். நாள்கணக்கில் வாடிய உடம்புக்கு அதுவே ஆபத்தாக முடியலாம். மறுபடி சாப்பிடத் தொடங்குவது டாக்டர் மேற்பார்வையில் நடக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்கிறோம். 'அடேயப்பா, எப்படி இளைச்சுட்டே! என்னடி பண்றே, எனக்கும் சொல்லேன்' என்று வாய் நிறையப் பாராட்டுகிறோம். ஒருவேளை, அவள் அன்றைக்குக் காலையிலிருந்து எதையும் தொடாமல் நின்றுகொண்டிருக்கலாம். நம்முடைய பாராட்டு அவளுடைய ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திவிடும்.

அதற்குப் பதிலாக, 'வாம்மா, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்' என்று கூப்பிட்டுப் பாருங்களேன். அந்த நிமிஷம் அவள் முகம் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். எந்தத் தராசும் சொல்லாததை அது சொல்லிவிடக்கூடும்.