அலெக் கின்னஸ்: வேடத்தின் வலிமையும் எல்லையும்

இருபதாம் நூற்றாண்டின் பிரித்தானிய நடிப்புக்கலை வரலாற்றில் லோரன்ஸ் ஒலிவியர், ஜோன் கில்குட் ஆகியோரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுபவர் அலெக் கின்னஸ் (1914–2000). தம்மை முற்றாக மறைத்துப் பாத்திரத்தை மட்டுமே புலப்படுத்தும் ஆற்றல் இவருக்குரிய தனிச்சிறப்பாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. அவ்வாற்றல் எவ்விடத்து வாழ்வின் உண்மையை வெளிக்கொணர்ந்தது, எவ்விடத்து அதனை மூடிமறைத்தது என்னும் வினாவை எழுப்பி நோக்கும்போதே அவரது கலைவாழ்வின் முழுப் பரிமாணமும் தெளிவாகும்.

1914 ஏப்ரல் 2ஆம் நாள் இலண்டனிற் பிறந்த கின்னஸின் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. பள்ளிப் படிப்பின்பின் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதுபவராகப் பணியாற்றிய அவர், நாடகப் பயிற்சி பெற்று, 1934இல் கில்குட்டின் ‘ஹம்லெட்’ தயாரிப்பில் ஒஸ்றிக் என்னும் சிறு பாத்திரத்தை ஏற்றார். 1936இல் ‘ஓல்ட் விக்’ நாடகக் குழுவிற் சேர்ந்தார். இன்று தலைமைப் பாத்திரம், நாளை ஏவலாளன் என மாறிமாறி நடிக்கும் மரபு அக்குழுவினுடையது. நெறியாளர் ரைரோன் கத்றி 1938இல் சமகால உடையில் மேடையேற்றிய ‘ஹம்லெட்’ நாடகத்திற் கின்னஸே இளவரசனானார்; 1946இல் ஒலிவியரின் லியர் மன்னனுக்கு அருகே விதூடகனாக நின்றார். இவ்விரண்டிற்கும் இடையே உலகப்போரின்போது கடற்படையிற் பணியாற்றி, 1943இல் சிசிலித் தரையிறக்கத்திற் படகொன்றுக்குத் தலைமை தாங்கினார். எவ்வேடத்தையும் சிறிதென்று கருதாத மேடைப் பயிற்சியே அவரது திரைப்பட நடிப்பிற்கும் அடித்தளமாயிற்று.

போருக்குப் பிந்திய பிரித்தானியாவில், ஈலிங் படப்பிடிப்பு நிலையம் உருவாக்கிய நகைச்சுவைப் படங்களிலேயே இவ்வாற்றல் முதன்முதலாகச் சமூக விமர்சனமாக மலர்ந்தது எனலாம். 1949இல் வெளிவந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரனெற்ஸ்’ படத்திற் பிரபு குடும்பமொன்றின் உறுப்பினர் எண்மராகவும் அவர் ஒருவரே தோன்றினார். வங்கியாளர், மதகுரு, படைத் தளபதி, கடற்படைத் தளபதி, பெண்ணுரிமை கோரும் சீமாட்டி எனத் தொழிலும் பாலும் வயதும் வேறுபட்டபோதிலும் முகம் ஒன்றே. நிதி, சமயம், படை ஆகிய அதிகார பீடங்கள் அனைத்திலும் ஒரே குடும்பம் அமர்ந்திருந்த நிலையை இவ்வுத்தி சொல்லாமலே உணர்த்திற்று. 1951இல் வந்த ‘தி மேன் இன் த வைற் சூற்’ படத்தில் அழுக்குப் படியாத, தேய்ந்து போகாத துணியைக் கண்டுபிடிக்கும் விஞ்ஞானியாக நடித்தார். ஆலை முதலாளிகளும் தொழிலாளரும் தத்தம் நலன் கருதி அவனை எதிர்க்கின்றனர். அப்பாவித்தனம் மாறாத கின்னஸின் முகம் அம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கிற்று.

டேவிட் லீன் நெறிப்படுத்திய ‘தி பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ (1957) இவருக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்தது. சப்பானியரிடம் சிறைப்பட்ட கேணல் நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்பில் ஈடுபடலாகாது என்னும் விதிக்காகச் சித்திரவதையைத் தாங்குகிறார். பின்னர் பகைவனுக்கான பாலத்தைத் தம் பெருமையின் சின்னமாகக் கட்டியெழுப்புகிறார். கடமையுணர்வு குருட்டுத்தனமாக மாறும் விதத்தை மிகையின்றிக் காட்டிய இந்நடிப்பு, பேரரசு மனப்பான்மை பற்றிய ஆழ்ந்த விமர்சனமாகும்.

எனினும், இலங்கையின் கித்துல்கலையிற் களனி கங்கையின் மீது பாலம் அமைத்துப் படமாக்கப்பட்ட இத்திரைப்படம் முழு வரலாற்றையும் கூறவில்லை. 1942–43 காலப்பகுதியில் அமைக்கப்பட்ட சயாம்–பர்மா இரயில் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். அவர்களிலும் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர் அங்கு உயிரிழந்தனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். திரையிற் பாலத்தின் கதை வெள்ளையரான கைதிகளின் கதையாகவே அமைந்தது. தலைமை நடிகர் எத்துணை நுட்பமாக நடிப்பினும், எவருடைய துன்பம் திரையில் இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வேறோர் அதிகாரம் என்பது இதனாற் புலனாகும்.

வேடத்தின் எல்லை பிற இனத்தவரின் பாத்திரங்களிலேயே தெளிவாகத் தென்படுகின்றது. ‘ஒலிவர் ருவிஸ்ட்’ (1948) படத்திற் பேகினாகத் தோன்றியபோது, பழைய நூற் படங்களைத் தழுவிப் பெரிய மூக்கு ஒட்டப்பட்டது. யூதப் படுகொலை நிகழ்ந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், 1949இல் பேர்லினிற் படத்திற்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அமெரிக்காவிற் சில பகுதிகள் நீக்கப்பட்டு 1951இலேயே திரையிடப்பட்டது. பின்னர் 1961இற் சப்பானிய வணிகராகவும், 1962இல் ‘லோரன்ஸ் ஒவ் அரேபியா’ படத்தில் இளவரசர் பைசலாகவும், 1984இல் ‘எ பசேஜ் ரு இந்தியா’ படத்திற் பேராசிரியர் கோட்போலேயாகவும் நடித்தார்.

எந்நடிகரும் எப்பாத்திரத்தையும் ஏற்கலாம் என்பது அரங்கியலின் பழைய உரிமை என வாதிடுவோர் உளர். அவ்வுரிமை இருதிசையிலும் வழங்கப்பட்டிருப்பின் அவ்வாதம் ஏற்புடையதாகலாம். ஆங்கிலேயர் பிராமணராக மாறிய அக்காலத் திரையில், ஆங்கிலேயக் கேணலாக நடிக்கும் வாய்ப்பு ஆசிய நடிகருக்குத் திறந்திருக்கவில்லை. 1984ஆம் ஆண்டுப் படத்தில் வைத்தியர் அசீசாக விக்ரர் பானர்ஜி சிறப்புற நடித்திருக்க, அவருக்கு அருகே கோட்போலேயின் ஒப்பனை ஒப்பனையாகவே கண்ணிற்பட்டது. தம் சமூகத்தின் பிரபுவையும் எழுதுவினைஞனையும் உள்ளிருந்தே அறிந்திருந்த நடிகர், பிற சமூகத்தினரின் புறத்தோற்றத்தையே பெரிதும் கைக்கொள்ள நேர்ந்தது.

இவ்விடத்து, 1979இற் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘ரிங்கர் ரெய்லர் சோல்ஜர் ஸ்பை’ தொடர் ஒப்புநோக்கத்தக்கது. உளவுத்துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஜோர்ஜ் ஸ்மைலியாகத் தோன்றிய கின்னஸ், ஒட்டு மூக்கோ தோற்பூச்சோ இன்றி, மூக்குக்கண்ணாடியும் மௌனமுமே துணையாக நின்றார். செல்வாக்கிழந்த பேரரசொன்றின் களைப்பும் அதன் ஊழியரிடையே வேரூன்றிய நம்பிக்கைத் துரோகமும் அவரது அமைதியிற் புலப்பட்டன. 1977இன் ‘ஸ்டார் வோர்ஸ்’ அவருக்கு உலகப்புகழையும் பெரும் வருவாயையும் தேடித்தந்ததாயினும், அவரது கலையின் முதிர்ச்சியைக் காட்டுவது ஸ்மைலியே.

கின்னஸின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது இவ்வாய்வின் கருத்தன்று. நடிகரின் உண்மையான ஆற்றல், ஒப்பனையால் உருவத்தை மாற்றுவதிலும் பார்க்க, பாத்திரத்தை ஈன்ற சமூகத்தை உள்ளிருந்து உணர்வதிலேயே தங்கியுள்ளது என்பதை அவரது வெற்றிகளும் வழுக்களும் ஒருங்கே மெய்ப்பிக்கின்றன. அரங்கியலும் திரைப்படமும் பயில்வோர் அவரிடமிருந்து இவ்விரண்டையும் கற்றல் வேண்டும்.