தடுத்தாடும் தொழில்: ஸ்லோவாக்கியப் பின்கள வீரர்களின் வரலாறு

ஏறத்தாழ 54 லட்சம் மக்கள் வாழும் ஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று தனிநாடாயிற்று. அந்நாட்டின் கால்பந்து வரலாறு அதற்கு வெகுகாலம் முந்தியது என்றாலும், அதன் சிறந்த பகுதிகள் பலவும் செக்கோஸ்லோவாக்கியா என்ற கூட்டுநாட்டின் பெயரில் எழுதப்பட்டமையால், எந்த வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது வெளியுலகுக்குத் தெளிவாகத் தெரியாமலே போயிற்று. அந்தப் பங்கைப் பிரித்தறிய முயலும் எவருக்கும் ஒரு செய்தி விரைவில் புலப்படும்: ஸ்லோவாக்கியா தந்த பெரும் ஆட்டக்காரர்களில் பின்கள வீரர்கள், அதாவது எதிரணியின் தாக்குதலைத் தம் கோல் முனைக்கு முன்னே நின்று முறிப்பவர்கள், முதல் வரிசையில் இருக்கிறார்கள். 1935இல் பிறந்த யான் போப்லுஹார், 1950இல் பிறந்த அன்டன் ஓந்த்ருஷ், 1984இல் பிறந்த மார்ட்டின் ஷ்கர்டெல் ஆகிய மூவரின் வாழ்க்கையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தடுத்தாடும் கலை மாறியிருப்பது தெரியும். அதைவிட ஆழமாக மாறியிருப்பது, ஒரு வீரர் எந்த வயதில் எந்த ஊருக்குப் போய் விளையாடலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதே.

போப்லுஹார் வகித்த இடத்துக்கே தனியாக ஒரு வரலாறு உண்டு. 1925 வரை, பந்து தம்மிடம் அனுப்பப்படும் நேரத்தில் முன்கள வீரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவரேனும் இருந்தாக வேண்டும். இல்லையேல் அவர் ஆஃப்சைடு. அவ்வாண்டு அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறைக்கப்பட்டதும் கோல்கள் பெருகின. அதற்கு அணை போட, அதுவரை நடுக்களத்தில் தாராளமாக உலவி ஆட்டத்தை நடத்திவந்த சென்டர் ஹாஃப் என்னும் வீரர் பின்னுக்கு இழுக்கப்பட்டு, இரு பக்கப் பின்கள வீரர்களுக்கும் நடுவே நிறுத்தப்பட்டார். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை விடாமல் தொடர்ந்து மறிப்பதே வேலையாகிவிட்ட அவருக்கு ஸ்டாப்பர் என்ற பெயர் வந்தது. பந்தை நயமாகக் கடத்தி ஆடுவதில் பெருமை கொண்டிருந்த மத்திய ஐரோப்பிய நாடுகள் இம்மாற்றத்தை எளிதில் ஏற்கவில்லை. ஏற்ற பின்னரும், கிடைத்த பந்தைக் கண்மூடி உதைத்துத் தள்ளுபவரைவிட, பறித்த பந்தைத் தன் அணியினரிடம் ஒழுங்காகச் சேர்ப்பிக்கும் ஸ்டாப்பரையே அவை மதித்தன.

பிராத்திஸ்லாவாவுக்கு அருகிலுள்ள பெர்னோலாகோவோ என்ற ஊரில் பிறந்த போப்லுஹார், 1954இல் தலைநகரின் பெரிய சங்கமான ஸ்லோவானில் சேர்ந்து, அடுத்த ஆண்டே நாட்டின் லீக் பட்டத்தை வென்ற அணியில் இருந்தார். அதன்பின் அவர் அங்கு இருந்த காலம் முழுவதும் ஸ்லோவானுக்கு மீண்டும் லீக் பட்டம் கிட்டவில்லை. இராணுவத்தின் அணியான பிராகா நகரத்து டுக்லா, கட்டாயப் படைச்சேவைக்கு வரும் இளைஞர்களிலிருந்து தனக்கு வேண்டியவர்களைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும் வசதி பெற்றிருந்தது. 1961 முதல் 1964 வரை தொடர்ந்து நான்கு முறை அதுவே பட்டம் வென்றது. பொதுவுடைமை ஆட்சியில் தொழில்முறை விளையாட்டு என்ற ஒன்று ஏட்டளவில் இல்லை என்பதால், வீரர்கள் ஆலைகளிலோ அரசு நிறுவனங்களிலோ பணியாளர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். ஸ்லோவானின் பெயரோடு கியார்கி திமித்ரோவ் இரசாயன ஆலையின் பெயர்ச்சுருக்கம் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது இந்த ஏற்பாட்டின் அடையாளமாகும்.

1958 உலகக் கோப்பைக்கான அணியில் இடம்பெற்ற போப்லுஹார், 1960இல் ஐரோப்பியக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற அணியிலும் இருந்தார். எனினும் அவரது பெயர் நிலைத்தது 1962இல் சிலியில் நடந்த உலகக் கோப்பையில். அவ்வாண்டு ஜூன் 2 அன்று வீன்யா தெல் மார் நகரில் பிரேசிலை எதிர்த்து நடந்த ஆட்டத்தில், முதல் பாதியிலேயே கோலை நோக்கி ஓங்கி உதைத்த பெலேவின் தொடைத்தசை பிறழ்ந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் தராத காலமாதலால், பெலே களத்தைவிட்டு அகலாமல் பக்கக் கோட்டோரம் நொண்டியபடி நின்றுகொண்டிருந்தார். பந்து அவரிடம் வந்தபோதெல்லாம், மசோபுஸ்ட், போப்லுஹார், லாலா ஆகிய செக்கோஸ்லோவாக்கிய வீரர்கள் அவர்மேல் பாயாமல் எட்ட நின்று, அவர் பந்தை அடக்கி இன்னொருவருக்குத் தள்ளிவிடும் வரை காத்திருந்தார்கள். ஆட்டம் கோலின்றி முடிந்தது. அந்தத் தொடரில் பெலே மீண்டும் ஆடவில்லை.

இந்நிகழ்ச்சியைப் பெலே பின்னாளில் மறவாமல் பாராட்டினார். அதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது போதாது. எதிராளியின் பலவீனத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் அழுத்துவதே ஸ்டாப்பரின் அன்றாட வேலை. அந்த வேலையில் ஊறியவர் ஒருவர், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் செயலற்று நிற்கும் வேளையில் அதைப் பயன்படுத்த மறுத்தது, தம் தொழிலின் எல்லை எது என்பதைத் தாமே வகுத்துக்கொண்டவரின் செயல். செக்கோஸ்லோவாக்கியா காலிறுதியில் ஹங்கேரியையும் அரையிறுதியில் யூகோஸ்லாவியாவையும் வென்று, ஜூன் 17 அன்று சாந்தியாகோவில் நடந்த இறுதியாட்டத்தில் மசோபுஸ்ட்டின் கோலால் முதலில் முன்னிலை பெற்றும், பெலேவின் இடத்தில் வந்த அமரில்டோவும் பிறகு சீட்டோ, வாவா ஆகியோரும் அடித்த கோல்களால் 3–1 எனத் தோற்றது.

மறு ஆண்டு அக்டோபர் 23 அன்று, இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தன் நூற்றாண்டைக் கொண்டாட வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தையும் எஞ்சிய உலகத்தின் அணியையும் மோதவிட்டபோது, யாஷின் கோல்காப்பாளராகவும் டி ஸ்டெஃபானோ, யூசேபியோ போன்றோர் முன்களத்திலும் நின்ற அந்த அணியின் நடுவரிசை மூவரும், அதாவது ப்ளுஸ்கால், போப்லுஹார், மசோபுஸ்ட் ஆகியோர், செக்கோஸ்லோவாக்கியர்களாகவே இருந்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஆண்டின் சிறந்த வீரர் விருது 1965இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் போப்லுஹாரே. இவ்வளவு புகழ் பெற்றிருந்தும் அவரால் மேற்கு ஐரோப்பியச் சங்கம் ஒன்றில் சேர முடிந்தது 1968இல்தான். பிரான்சின் லியோன் அணிக்கு அவர் சென்றபோது வயது 33ஐ எட்டிக்கொண்டிருந்தது. நாட்டுக்காக நீண்டகாலம் ஆடி முடித்து, முப்பது வயதைக் கடந்த வீரருக்கே அரசு வெளிநாடு செல்ல இசைவளிக்கும் என்பது அக்கால நடைமுறை. மசோபுஸ்ட் அதே ஆண்டு பெல்ஜியத்துக்குப் போனபோது அவருக்கு வயது 37. நாட்டுக்காக 62 ஆட்டங்கள் ஆடிய போப்லுஹாரின் உடல்வலிமை உச்சத்தில் இருந்த பத்தாண்டுகளுக்குச் சந்தை விலை என்ற ஒன்றே இருக்கவில்லை என்பதை, இன்றைய விலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

போப்லுஹார் விலகிய மறு ஆண்டு, 1969 மே 21 அன்று, பாசெல் நகரில் ஸ்லோவான் 3–2 என்ற கணக்கில் பார்சலோனாவை வென்று, ஐரோப்பிய நாடுகளில் உள்நாட்டுக் கோப்பை வென்ற சங்கங்கள் தமக்குள் மோதும் தொடரின் கோப்பையைக் கைப்பற்றியது. கிழக்கு ஐரோப்பியச் சங்கம் எதுவும் அதுவரை அதை வென்றதில்லை. பதினான்கு ஆண்டுகள் அச்சங்கத்தின் பின்களத்தைத் தாங்கியவர் அந்த இரவில் அங்கில்லாமற் போனது வருந்தத்தக்கது. அன்றைய கோல்களில் ஒன்றைப் பின்கள வீரரான ஹிரிவ்னாக் முன்னேறிச் சென்று அடித்தார் என்பது, அடுத்த தலைமுறையின் ஆட்டம் எத்திசையில் போகவிருந்தது என்பதை முன்னரே காட்டியது.

அந்தத் தலைமுறையின் தலைவர் சோல்ச்சானி என்ற ஊரில் பிறந்து ஸ்லோவானுக்கு வந்த ஓந்த்ருஷ். அவர் காலத்துக்குள் ஸ்டாப்பரின் தோளில் இருந்த சுமை இரண்டாகப் பிரிந்திருந்தது: ஒருவர் எதிரணி முன்கள வீரரை ஒட்டி மறிப்பார், மற்றவர் யாரையும் மறிக்கும் பொறுப்பின்றி அவருக்குப் பின்னே நின்று, தப்பி வரும் பந்துகளைத் துப்புரவாக்கி, வாய்ப்பு வரும்போது பந்தோடு முன்னேறித் தாக்குதலையும் தொடங்குவார். இரண்டாமவருக்கு லிபரோ என்று பெயர். உயரமும் நிதானமும் வாய்ந்த ஓந்த்ருஷ் அவ்விடத்துக்கு இயல்பாகப் பொருந்தினார். நாட்டுக்காக 58 ஆட்டங்களில் 9 கோல்கள் என்ற அவரது கணக்கு, போப்லுஹார் தம் 62 ஆட்டங்களிலும் ஒரே ஒரு கோல் அடித்தார் என்பதோடு ஒப்பிடத்தக்கது.

1976 ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி, ஜூன் 16 அன்று மழையில் நனைந்த சாக்ரெப் அரங்கில் நெதர்லாந்தை எதிர்த்து நடந்தது. பத்தொன்பதாம் நிமிடத்தில் பனென்கா உதைத்த ஃப்ரீகிக்கைத் தலையால் முட்டி ஓந்த்ருஷ் கோலாக்கினார். இரண்டாம் பாதியில் எதிரணியிலிருந்து குறுக்கே வந்த பந்தை அப்புறப்படுத்த முயன்று காலை வீசியபோது அது தம் கோலுக்குள்ளேயே பாய்ந்து, சேம்சைடு கோலாகி, கணக்கைச் சமன்செய்தது. தொண்ணூறு நிமிடமும் முடிந்தபோது இரு தரப்புக் கோல்களும் அணித்தலைவரான அவருடையவையாகவே இருந்தன. கூடுதல் நேரத்தில் நெஹோடாவும் வெசெலியும் அடித்த கோல்களால் செக்கோஸ்லோவாக்கியா 3–1 என வென்றது. முன்கள வீரர் தவறவிட்ட வாய்ப்புகள் எளிதில் மறக்கப்பட, பின்கள வீரரின் ஒரே பிழை கணக்கேட்டில் அவர் பெயரோடு ஏறிவிடும் இந்தத் தொழிலின் கொடுமையையும், அதை அன்றே தாங்கிக்கொண்டு ஆட வேண்டிய கட்டாயத்தையும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் ஆட்டம் வேறொன்று கிடைப்பது அரிது.

நான்கு நாட்களுக்குப் பிறகு பெல்கிரேடில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டம் 2–2 எனச் சமனாகி, பெனால்டிகளால் தீர்மானிக்கப்பட்டபோது, ஓந்த்ருஷ் தம் முறையில் தவறாமல் அடித்தார். ஐந்தாவதாகப் பனென்கா மெல்லத் தூக்கிவிட்ட பந்து உலகப் புகழ் பெற்றது. அன்று ஆட்டத்தைத் தொடங்கிய பதினொருவரில் எண்மர் ஸ்லோவாக்கியர். பின்களத்தில் நின்ற பிவார்னிக், ஓந்த்ருஷ், யோசெஃப் சாப்கோவிச், கோக் ஆகிய நால்வரும் ஸ்லோவான் என்ற ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். வாரந்தோறும் ஒன்றாக ஆடியவர்களுக்கு அடுத்தவர் எங்கே நிற்பார் என்பது பார்க்காமலே தெரியும். வெளியேற விடாத அரசின் கட்டுப்பாடு, அது விரும்பியோ விரும்பாமலோ, அந்த அணிக்குத் தந்த பலம் அது. ஓந்த்ருஷும் 31 வயதில், 1981இல்தான் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஜுக்குச் செல்ல முடிந்தது.

1989இல் பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்ததும் அந்தத் தடை நீங்கியது. நாடு பிரிந்த பின் ஸ்லோவாக்கியா 1994இல் தன் பெயரில் மீண்டும் ஆடத் தொடங்கியது. இதனினும் பெரிய மாற்றம் லக்சம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து வந்தது. பெல்ஜிய வீரர் பாஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் எவ்விதத் தொகையும் கைமாறாமல் வேறு சங்கத்துக்குச் செல்லலாம் என்றும், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் எண்ணிக்கைக்குச் சங்கங்களில் வரம்பு விதிக்கக் கூடாது என்றும் வகுத்தது. 2004 மே 1 அன்று ஸ்லோவாக்கியா ஒன்றியத்தில் சேர்ந்தபோது அந்த உரிமையின் வாசல் அதன் வீரர்களுக்கும் திறந்தது.

நிலக்கரிச் சுரங்க ஊரான ஹாண்ட்லோவாவில் பிறந்த ஷ்கர்டெல், திரென்சின் அணியில் மூத்தோர் ஆட்டத்தைத் தொடங்கி, 2004இல், இருபது வயது நிரம்பும் முன்பே, ரஷ்யாவின் செனித் அணிக்குச் சென்றார். அங்கே 2007இல் லீக் பட்டம் வென்ற கையோடு, 2008 ஜனவரியில் ஏறத்தாழ 65 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கியது. தொடக்கம் கடினமாகவே இருந்தது: அம்மாதமே ஹாவன்ட் அண்ட் வாட்டர்லூவில் என்ற, லீக் பிரிவுகளுக்கு வெளியே ஆடும் சிறிய அணி, ஷ்கர்டெல் ஆடிய பின்களத்தை ஊடுருவி இரு முறை முன்னிலை பெற்றது, லிவர்பூல் 5–2 என வென்றும் அவர்மேல் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைப் போக்க அவருக்குச் சில மாதங்களே தேவைப்பட்டன. ஒவ்வொரு வீரரும் ஓர் எதிராளியைத் தொடர்வதற்குப் பதிலாக ஒவ்வோர் இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்பைக் கார்னர் உதைகளின்போது பயிற்சியாளர் பெனிடெஸ் கையாண்டுவந்தார். உடலை முன்னிறுத்தி மோதும் இயல்புள்ள ஷ்கர்டெல் அதற்குள் தம்மைப் பொருத்திக்கொண்டார்.

2010 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்கில், நடப்பு உலகச் சாம்பியனான இத்தாலியைத் தன் முதல் உலகக் கோப்பையில் சந்தித்த ஸ்லோவாக்கியா ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, குவாலியாரெல்லா உதைத்த பந்து கோல்காப்பாளரைத் தாண்டியும் கோட்டைத் தாண்டாதபடி மறித்து நின்றவர் ஷ்கர்டெல். ஆட்டம் 3–2 என முடிந்து இத்தாலி வெளியேறியது. வெற்றிக்கணக்கில் வித்தெக்கின் இரு கோல்கள் எழுதப்பட்டன, அந்தத் தடுப்பு எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. மாறாக, 2013–14 பருவத்தில் லிவர்பூல் 101 கோல்கள் அடித்து 50 கோல்கள் வாங்கி, இரண்டே புள்ளிகளில் பட்டத்தை இழந்தபோது, லீகில் ஏழு கோல்கள் அடித்த ஷ்கர்டெலின் பெயரில் நான்கு சேம்சைடு கோல்களும் பதிவாயின. கார்னர்களின்போது எதிராளியின் சட்டையைப் பிடிக்கிறார் என்ற விமர்சனமும் அவர்மேல் ஓயாமல் எழுந்தது. அடுக்கடுக்கான ஒளிப்படக் கருவிகளின் முன் ஆடிய தலைமுறையின் பிழைகள் மட்டுமே பெரிதாகத் தெரிவதால், அவரைப் போப்லுஹாரோடு நேராக ஒப்பிட்டுக் குறைசொல்வது நியாயமாகாது.

எட்டரை ஆண்டுகள் லிவர்பூலில் ஆடிய பின் துருக்கிக்குச் சென்று, 2020இல் இஸ்தான்புல் பாஷாக்ஷெஹிர் அணியோடு லீக் பட்டம் வென்று, நாட்டுக்காக 104 ஆட்டங்கள் ஆடியவராக அவர் 2021இல் ஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பி ஸ்பார்த்தாக் த்ர்னாவா அணியில் சேர்ந்தார். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அந்தத் தாய்நாட்டு லீக் வாழ்வு 2022இல் முடிந்தது. அவருக்கு அடுத்து வந்த மிலான் ஷ்கிரினியார், 2016இல் இருபத்தொரு வயது நிரம்பும் முன்பே ஷிலினாவிலிருந்து இத்தாலிக்குப் போனவர். 2024 ஜூன் 17 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் அவரது தலைமையில் ஸ்லோவாக்கியா 1–0 என பெல்ஜியத்தை வென்றபோது, அணியின் பின்களத்தில் தொடக்கம் முதல் நின்ற பெகாரிக், வவ்ரோ, ஷ்கிரினியார், ஹான்ட்ஸ்கோ ஆகிய நால்வரும் முறையே ஜெர்மனி, டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் சங்கங்களில் ஆடிவந்தவர்கள்.