திடலைக் காத்தார்கள், கதவையும் திறந்தார்கள்



ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் நம் பிள்ளைகளைப் பார்க்கிறோம். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கருவேலங்குச்சியை ஸ்டம்பாக நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பொட்டலில் கோடு கிழித்துக் கபடி ஆடுகிறார்கள். வாரம் முழுவதும் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சகத்திலும் உழைத்த இளைஞருக்கு அந்த ஒரு மாலைப் பொழுது எவ்வளவு பெரிய இளைப்பாறுதல்!

இதே போல ஒரு சிற்றூர் மக்கள் தங்கள் விளையாட்டுத் திடலைப் பல ஆண்டுகள் பொறுமையோடு காத்த வரலாற்றை இன்று சிந்திப்போம். ஊர் தொலைவில், அயர்லாந்து நாட்டில் இருக்கிறது. ஆனால் அந்த வரலாறு கேட்கும் கேள்வி நம் வாசலில் நிற்கிறது.

அயர்லாந்து மக்கள் ஆங்கிலேய ஆட்சியின்கீழ் இருந்த காலம். தங்கள் மொழியும் பழைய விளையாட்டுகளும் அழிந்துபோகும் என்று அஞ்சிய சிலர், 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழா அன்று, தர்லஸ் நகரில் கூடி ஒரு விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கினார்கள். காஷெல் பேராயர் தாமஸ் குரோக் அதன் புரவலர்களுள் ஒருவரானார். பெரும்பாலும் ஒரு பங்குக்கு ஒரு மன்றம் என்றே அது வேரூன்றியது. அம்மன்றங்களில் ஆடப்படுவதுதான் கேலிக் கால்பந்து. அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே அடித்தால் பொதுவாக ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியரும் விவசாயியும் தச்சரும் வேலை முடிந்த பின் வந்து சொந்த ஊருக்காக ஆடுகிறார்கள்.

இந்த விளையாட்டின் மேல் இரத்தமும் சிந்தியிருக்கிறது. 1920 நவம்பர் 21, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை டப்ளின் நகரில் ஆங்கிலேய அதிகாரிகள் பலரை அயர்லாந்துப் போராளிகள் சுட்டுக் கொன்றார்கள். மாலையில் குரோக் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அரசுப் படையினர் உள்ளே புகுந்து சுட்டார்கள். பதினான்கு பேர் இறந்தார்கள். மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரர் அவர்களில் ஒருவர். 10 வயதுச் சிறுவனும் 11 வயதுச் சிறுவனும்கூட அவர்களில் உண்டு. அந்த ஞாயிறு அம்மக்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாகத் தங்கிவிட்டது.

இனி நாம் சொல்லவந்த சிற்றூருக்கு வருவோம். வட அயர்லாந்தில் ஆர்மா மாவட்டத்தின் எல்லையோரம் கிராஸ்மக்லென் என்று ஓர் ஊர். மக்கள் தொகை இரண்டாயிரத்தை எட்டாது. கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் என்ற அவர்களுடைய மன்றம் 1887இல் தொடங்கியது. அவர்கள் திடலின் பெயர் புனித ஒலிவர் பிளங்கெட் திடல். இவர் ஆர்மா பேராயராக இருந்தவர். பொய்ச் சாட்சிகளின் பேரில் 1681இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். தம்மைக் குற்றஞ்சாட்டியவர்களை மன்னித்துவிட்டே உயிர் நீத்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வட அயர்லாந்தில் கலவரம் வெடித்த பின், 1970களில், திடலை ஒட்டியே பிரிட்டிஷ் படைமுகாம் எழுந்தது. திடலின் ஒரு பகுதி முகாமுக்குப் போயிற்று. பிள்ளைகள் பந்து உதைக்கும்போது தலைக்கு மேலே ஹெலிகாப்டர் இறங்கும். மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த வட்டாரத்தில் காவலுக்கு வந்த இளம் சிப்பாய்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காகவும் எங்கோ ஒரு தாய் அழுதாள்.

அத்தனைக்கும் நடுவே மன்றத்தார் திடலை விட்டுப் போகவில்லை. வாரந்தோறும் வந்து ஆடினார்கள், பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். 1997இல், முகாம் பக்கத்தில் இருக்கும்போதே, அந்தச் சிற்றூர் அயர்லாந்து முழுவதற்குமான மன்றங்களின் கோப்பையை வென்றது. பிறகு 1999, 2000, 2007, 2011, 2012 என மொத்தம் ஆறு முறை வென்றது. 1998இன் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பின் சமாதானம் மெல்ல வந்தது. 2007இல் முகாமும் மூடப்பட்டது.

இத்தோடு நிறுத்தினால் இது வெறும் வெற்றிக் கதை. நம் சிந்தனைக்கு உரியது இனிமேல்தான் வருகிறது.

அந்த விளையாட்டுக் கழகத்திலும் நீண்டகாலம் ஒரு பூட்டிய கதவு இருந்தது. பிரிட்டிஷ் படையிலோ வட அயர்லாந்துக் காவல்துறையிலோ இருப்பவர் எவரும் உறுப்பினராகக் கூடாது என்பது விதி. பட்ட காயத்திலிருந்து பிறந்த விதி அது. ஆனால் காயத்துக்குப் போட்ட கட்டை அவிழ்க்காமலே விட்டால் புண் ஆறுமா? 2001 நவம்பரில் கழகம் கூடி அந்த விதியை நீக்கியது. வடக்கிலுள்ள ஆறு மாவட்டங்களில் ஐந்து எதிர்த்தே வாக்களித்தன. அவர்களுக்கு அது எளிதாக இல்லை. ஆயினும் கதவு திறந்தது. அடுத்த ஆண்டே வட அயர்லாந்துக் காவலர்கள் ஓர் அணியாக வந்து ஆடினார்கள். 2011 மே மாதத்தில் இங்கிலாந்து அரசி எலிசபெத், 1920இல் இரத்தம் சிந்திய அதே குரோக் பார்க்குக்கு விருந்தினராக வந்தார். கழகத்தார் அவரை வரவேற்றார்கள்.

இரு இனத்தாரைப் பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்று திருத்தூதர் பவுல் எபேசியருக்கு எழுதுகிறார். அந்தச் சுவர் இடிவதற்கு நாமும் கை கொடுக்க வேண்டாமா?

அன்பானவர்களே, நம் கரிசல் மண்ணில் திடலை மறித்து எந்த முகாமும் நிற்கவில்லை. ஆனால் தெருவுக்கு ஓர் அணி இருக்கிறது. அணியின் பெயரையும் பனியனின் நிறத்தையும் பார்த்தே எந்தத் தெரு, எந்தச் சாதி என்று சொல்லிவிடுகிறோம். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிய பிள்ளைகள், ஒரே பொட்டலில் சேர்ந்து நிற்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் அவர்களோடு பிறந்ததல்ல. பெரியவர்கள் நாம் கற்றுக்கொடுத்தது.

வருகிற பங்குத் திருவிழாவுக்கு விளையாட்டுப் போட்டி வைக்கும்போது, ஒவ்வோர் அணியிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்திருக்கும்படி சீட்டுக் குலுக்கி அணி பிரித்துப் பார்ப்போமா? முணுமுணுப்பு எழும். வடக்கில் ஐந்து மாவட்டங்கள் எதிர்த்தது போலவே நம்மிலும் சிலர் எதிர்ப்பார்கள். எதிர்ப்பவர்களையும் ஆட்டம் பார்க்க அழைப்போம். நம் பிள்ளைகளில் ஒருவன் வேறு தெருப் பிள்ளையின் தோளில் கை போட்டு வீடு திரும்பினால், நாம் கேட்ட திருப்பலிக்கு அதுவே பலன்.

புனித ஒலிவர் பிளங்கெட்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.