மொழிமுதல் எழுத்தும் மறையெழுத்தும்

அச்சன்புதூர், கடையநல்லூர்ப் பக்கமிருந்து தமிழிலக்கியம் பயில வரும் மாணவர் பலர், கணினிப் பாதுகாப்புத் துறையைத் தமக்கு அடைத்த கதவாகவே எண்ணுகின்றனர். அத்துறைக்கு மூத்ததான மறையெழுத்துக் கலையின் வரலாறு வேறு சொல்கிறது.

அமெரிக்கரான எலிசபெத் ஸ்மித் 1915இல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர். சேக்சுபியர் நாடகங்களுக்குள் பிரான்சிஸ் பேகன் ஒளித்துவைத்ததாகக் கூறப்பட்ட சங்கேதத்தைத் தேடவே 1916இல் ரிவர்பேங்க் ஆய்வகம் அவரை அமர்த்தியது. அப்படியொரு சங்கேதம் இல்லை. ஆனால் தேடிய கைக்குக் கலை வசப்பட்டது. வில்லியம் பிரீட்மனை மணந்து எலிசபெத் பிரீட்மன் ஆனவர், மதுவிலக்குக் காலக் கடத்தல்காரர்களின் வானொலிச் சங்கேதங்களை உடைத்தார். 1933இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார்.

அவருடைய முதற்கருவி, எந்த எழுத்து எங்கே வரும், எதனை அடுத்து எது வரும் என்னும் அறிவு. தொல்காப்பியர் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என வகுத்ததும் இதனையே. டகரம் தமிழ்ச்சொல்லின் முதலில் வாராது. ககர மெய்யை அடுத்துக் ககரமே வரும். பழைய பூட்டுகள் இத்தகைய விதிகளால் திறந்தன.

இன்றைய மறையாக்கம் கணிதத்தால் ஆனது. எழுத்துக் கணக்குக்கு அது உடையாது. ஆயினும் வங்கியின் பெயரில் வரும் மின்னஞ்சலில் போலியைக் காண்பதும், ஊடுருவல் நடந்த விதத்தைப் பதிவுகளிலிருந்து கோத்து அறிக்கையாக்குவதும் கூர்ந்து வாசிப்போரின் பணிகளே. வலையமைப்பையும் லினக்சையும் புதிதாகக் கற்றே ஆகவேண்டும்; அதில் விலக்கில்லை. எலிசபெத்தும் வேலையில் அமர்ந்த பின்னரே தம் தொழிலைக் கற்றார்.