மலையாளக் கணினியாக்கத்தில் பொறுப்புப் பகிர்வு

தன்னார்வலர் பலர் கூடி மென்பொருள் ஆக்குமிடத்து, மொழி பற்றிய முடிவு எவர் பொறுப்பு என்னும் வினா எழுகிறது. மலையாள எழுத்தின் அண்மை வரலாறு இதற்கு விடை தருகிறது.

1971ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம், தட்டச்சு, அச்சு ஆகியவற்றின் வசதி கருதிக் கூட்டெழுத்துகள் பலவற்றைப் பிரித்தது. அங்கு எழுத்தின் வடிவைப் பொறியே வரையறுத்தது எனலாம். பழைய வரிவடிவத்தை மீட்க 1999இல் ‘ரசனா’ இயக்கம் தோன்றியது. திருவனந்தபுரத்துக் கேரள பாஷா இன்ஸ்டிடியூட்டைச் சார்ந்த ஆர். சித்ரஜகுமார் எழுத்துத் தொகுதியை வகுத்தார், கே.எச். ஹுசைன் எழுத்துருவை வடிவமைத்தார். மொழியறிவும் தொழில்நுட்பமும் இவ்வாறு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டன.

2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. 2002இல் ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு உருவாயிற்று. ரசனா எழுத்துரு பின்னர்ப் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டமையால், அதனைப் பேணித் திருத்தும் பணியை இக்குழுவினர் ஏற்க இயன்றது.

இடைமுக மொழிபெயர்ப்பிலும் இத்தகைய பகிர்வைக் காணலாம். க்னோம் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளர், சரிபார்ப்பவர், ஒருங்கிணைப்பாளர் என்னும் நிலைகள் உள்ளன. ஒரே ஆங்கிலச் சொல்லை இருவர் இருவகையாகப் பெயர்க்கும்போது, சரிபார்ப்பவரின் முடிவே சொற்சீர்மையைக் காக்கிறது.

குறிநிரல் எழுதுவோர் பலர் இருப்பினும், மொழி பற்றிய முடிவுக்கு உரியவர் ஒருவர் இல்லையெனில் அம்முடிவு மீண்டும் பொறியிடமே சென்று சேரும். 1971இன் பட்டறிவு உணர்த்துவது இதுவே.