வர்ணமெட்டும் யாழ்ப்பாண அரங்கும்

இசையின்றி நாடகமில்லை என்னும் நிலை யாழ்ப்பாணக் குடாநாட்டு அரங்கிலே நெடுங்காலம் நிலவியது. ஆயினும் அவ்வரங்கில் ஒலித்த இசையுட் பெரும்பகுதி அவ்வந் நாடகத்துக்கென்றே ஆக்கப்பட்டதன்று. முன்னரே வழங்கிய மெட்டுக்களைத் தேர்ந்து, அவற்றுக்குப் புதிய சொற்களைப் பொருத்திப் பாடுவதே பெருவழக்காயிருந்தது. இன்று இணையவழி விளையாட்டுக்களை ஆக்குவோர் பலர், எவரோ முன்னரே பதிவுசெய்து வைத்த பொது இசைத்தொகுதிகளிலிருந்து பின்னணி இசையைப் பெற்றுக்கொள்கின்றனர். கருவி புதிது, வழக்கம் பழையது. அப்பழைய வழக்கம் ஈழத்து அரங்கிற் பெற்ற உருவத்தை ஆராய்தல் பயனுடைத்து.

கூத்து நூல்களை நோக்குமிடத்து, பாடல்கள் தரு, விருத்தம், கொச்சகம், சிந்து எனப் பகுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். பாத்திரம் களரிக்கு வரும்போது பாடப்படுவது வரவுத்தரு. அரசன் கொலுவுக்கு வருதல், போருக்கெழுதல், பிரிவாற் புலம்புதல் என நிகழ்ச்சிதோறும் அதற்கேற்ற பாடல்வகை உண்டு. எனவே அண்ணாவியார் ஒவ்வொரு கூத்துக்கும் இசையைப் புதிதாகத் தேடவேண்டியதில்லை. மரபென்னும் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டார். மாரியம்மன் கோயில்களில் நேர்த்தியாக ஆடப்படும் காத்தவராயன் கூத்திலே, சிந்துநடை கதையின் பெரும்பகுதியைத் தாங்கிச் செல்கின்றது. கத்தோலிக்கப் புலவர்களும் இதே பாவகைகளைக் கைக்கொண்டு புனிதர் சரிதங்களை நாடகமாக்கினர். சமயம் வேறாயினும் இசைக் களஞ்சியம் பொதுவாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்குத் தென்னாசியா எங்கும் பரவியது. அதன் வழி இந்துஸ்தானி மெட்டுக்கள் தமிழ் மேடையிற் புகுந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோரின் நாடகங்களைத் தமிழகக் குழுக்கள் ஈழத்துக்குக் கொணர்ந்தபோது, ஆர்மோனியத்தோடு கூடிய புதிய இசைநாடக மரபு குடாநாட்டில் வேரூன்றிற்று. அக்காலப் பாட்டுப் புத்தகங்களில், பாடலின் தலைப்பிலே பிறிதொரு பாடலின் முதலடி சுட்டப்பட்டு, அதன் ‘வர்ணமெட்டு’ எனக் குறிக்கப்படும். சுரக்குறிப்புக்கு ஈடாக நின்றது அச்சிறு குறிப்பேயாம். மூலமெட்டின் சீர்நிலைக்கும் தாளத்துக்கும் அமையச் சொற்களைப் புலவர் அடுக்கினார். பாடுவோர் குறிப்பைக் கண்டவுடனே இசையை அறிந்தனர். பின்னர்த் திரைப்படம் பரவியபோது அதன் மெட்டுக்களும் இவ்வழியே மேடையேறின.

மெட்டு மொழியெல்லையைக் கடக்கவல்லது என்பதற்குச் சிங்கள அரங்கே சான்று. சிங்கள நாடகம எனப்படும் கூத்துவகை, தமிழ்க் கூத்தின் பாவகைகளையும் இசையையும் தழுவி எழுந்தது. 1956ஆம் ஆண்டு எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய ‘மனமே’ அந்த இசைமரபையே அடிப்படையாகக் கொண்டது. நூர்த்தி நாடகாசிரியரான ஜோன் டி சில்வாவோ, இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி என்னும் இசைவல்லாரை வருவித்துத் தம் நாடகங்களுக்கு இசையமைக்கச் செய்தார்.

மேலைநாட்டிலும் இதனை ஒத்த நிலையைக் காணலாம். ஊமைப்படக் காலத்திலே, துயரம், அச்சம், புயல், துரத்தல் என உணர்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் ஏற்ப இசைத்துணுக்குகளை வகுத்த தொகுதிகள் வெளிவந்தன. 1919இல் பேர்லினிலே யூசெப்பே பெச்சே வெளியிடத் தொடங்கிய தொகுதியும், 1924இல் அமெரிக்காவில் ஏர்னோ ராப்பே வெளியிட்ட தொகுதியும் குறிப்பிடத்தக்கன. இன்றைய பொது இசைத்தொகுதிகள் இவற்றின் வழித்தோன்றல்களே.

இவ்வாறு இரவல் மெட்டை ஆளுதல் கற்பனை வறுமையாகாதோ என வினவலாம். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) இதற்குத் தக்க விடையாவார். வசந்த கான சபாவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ பல்லாண்டுகளாகப் பன்முறை மேடையேறியது. கதையும் பாட்டும் மக்கள் முன்னரே அறிந்தவை. எனினும் சுடலை காக்கும் அரிச்சந்திரனைக் காண அவர்கள் மீண்டும் மீண்டும் திரண்டனர். பழகிய மெட்டு, பாடுவோன் நிறுத்துமிடத்தாலும் நீட்டுமிடத்தாலும் ஒவ்வோரிரவும் புதிதாயிற்று. பதிவுசெய்த இசைத்துணுக்குக்கும் மேடை மெட்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. முன்னது எங்கும் ஒரே வடிவினது. பின்னது பாடுவோன் குரலிலே வாழ்வது.

குரலிலே வாழ்வது குரலோடு மறைதலும் கூடும் என்பதே ஈண்டு கவலைக்குரியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் போன்றோரின் முயற்சியால் 1960களிலே ‘அலங்காரரூபன் நாடகம்’ முதலிய கூத்து நூல்கள் அச்சேறின. பாடல்கள் காக்கப்பட்டன; ஆயின் மெட்டு அச்சிலே தங்குவதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏடுகளும் நூல்களும் அழிந்தன. 1990இல் காங்கேசன்துறையும் அயற்கிராமங்களும் வெறுமையாயின. 1995இல் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஊர் கூடிக் கேட்டுப் பழகிய செவிகள் பல திசைகளிற் சிதறின. ‘இன்ன பாடலின் வர்ணமெட்டு’ என்னும் குறிப்பு எஞ்சியிருக்க, அந்த இன்ன பாடலைப் பாடவல்லார் இல்லாதவிடத்து, அச்சிட்ட நூல் ஊமையாகிவிடும்.

ஆதலின், பாட்டுப் புத்தகங்களைத் தொகுப்பதோடு ஆய்வாளர் அமைதல் போதாது. மூத்த அண்ணாவிமாரையும் இசைநாடகக் கலைஞரையும் அணுகி, ஒவ்வொரு தலைப்புக்குமுரிய மெட்டினை அவர்தம் குரலிலேயே பதிவுசெய்தல் வேண்டும். பாடியவர் பெயரும் ஊரும் அதனுடன் குறிக்கப்படல் வேண்டும். வர்ணமெட்டுக் குறிப்பு தான் கடன்பட்ட பாடலை மறவாது சுட்டிற்று. அந்தக் கடனுணர்வை இன்றைய ஆய்வும் மறத்தலாகாது.