வெள்ளைச் சோறு உயர்ந்த சோறா?

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும் உலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது இந்த மண்ணிலேயே நடந்தது. நம் பாட்டன் பூட்டன்மாருக்கும் அதில் பங்கு உண்டு. அதை இந்த மலரின் வாயிலாகப் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

“புழுங்கலரிசியா? அதெல்லாம் அந்தக் காலத்துத் தோட்டத்துச் சனங்க சாப்பிட்டது. மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையா இருந்தாத்தான் நல்ல அரிசி!” இப்படிப் பேசுவோரை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், தீட்டி வெளுத்த அரிசியையே முக்கிய உணவாகக் கொண்டு வாழ்ந்ததால் இந்நாட்டில் ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். ‘இது தொற்றுநோய், கிருமிதான் காரணம்’ என்று அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் நோய் சீனர்களைத்தான் அதிகம் தாக்கியது. தோட்டத் தமிழர்களிடமும் கம்பத்து மலாய்க்காரர்களிடமும் அது குறைவு. காரணம் என்ன? சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டப்பட்ட சயாம் வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் உண்டது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. நம்மவர்கள் உண்டது புழுங்கலரிசி! இதையெல்லாம் அவர் 1907-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

சொன்னால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெச்சர் என்னும் மருத்துவர் 1905-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி ஓராண்டுக் காலம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவர்கூட பெரிபெரியால் இறக்கவில்லை. பின்னர் 1907-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் வேலை செய்த சாவகத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்தார்கள். அங்கும் வெள்ளை அரிசி உண்டவர்களிடம்தான் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் அது நின்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரிசியில் விஷம் இருக்கிறது என்றே பிராடன் நினைத்தார். உண்மையில் அங்கே இருந்தது விஷமன்று. இல்லாமற்போனது ஒரு சத்து! நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் அந்தச் சத்துக்குப் பிற்காலத்தில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இந்தச் சத்து தவிட்டிலிருந்து மணிக்குள் இறங்கிவிடும். அதன்பின் தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனாலும் அவர்கள் வடித்த சோறு பலரைக் காப்பாற்றியது.

வெள்ளை நிறம் மயக்கிய கதை அரிசியோடு முடியவில்லை. இனிப்புச் சேர்த்த டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்த காலமும் இருந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், தாய்ப்பாலை விட்டு இதைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று 1939-இல் ரோட்டரி சங்கத்தில் துணிந்து பேசினார். இன்றும் சில வீடுகளில் டின் பால் கலந்த தண்ணீரைக் குழந்தைக்குப் புட்டியில் கொடுக்கிறார்கள். தாய்மார்களே, அதில் இருப்பது பெரும்பாலும் சீனிதான். அது குழந்தைக்கு ஆகாது.

அதற்காக, “புழுங்கலரிசி சாப்பிட்டா சீனி வியாதி வரவே வராது” என்று கிளம்பிவிடக் கூடாது. அதுவும் தவறான பேச்சே. அளவு மீறினால் எந்தச் சோறும் சோறுதான். வெள்ளை அரிசி உண்பதும் பாவமன்று. கூடவே பருப்பு, கீரை, மீன், முட்டை, காய்கறி இருந்தால் சத்து கிடைத்துவிடும். வெறும் வெள்ளைச் சோற்றில் கிச்சாப்பை ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதுதான் தவறு. வயிறு நிறையும், உடம்பு தேறாது. அரிசியை ஐந்தாறு தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி இருக்கிற சத்தையும் கொட்டிவிட வேண்டாம்.

மாணவர்களே! உணவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அது கைப்பேசியில் வந்தாலும், கடைக்காரர் சொன்னாலும், ஏன், ஆசிரியரே சொன்னாலும், ‘யார் சோதித்தார்கள்? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? மறு பிரிவுக்கு என்ன கொடுத்தார்கள்?’ என்று கேளுங்கள். அன்று அந்தக் கேள்விகளைச் சிலர் கேட்டதால்தான் பெரிபெரியின் மர்மம் விலகியது. பாட்டி சமைத்த புழுங்கலரிசிச் சோற்றைப் பள்ளிக்குக் கொண்டுவர வெட்கப்படாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.